ஊர்சுற்றிய கண்வைத்தியர் ஜோன் ரெயிலர்

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் முதியவரொருவரின் கண்புரைக்கு வெளியூர் வைத்தியர் சிகிச்சை செய்து மீண்டபின், அக்கண்ணைத் தொடர்ந்து நோக்குபவர் யார்? இவ்வினாவின் முதன்மையை ஆங்கிலேயரான ஜோன் ரெயிலரின் (1703–1772) வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

இலண்டனில் செசல்டனிடம் பயின்ற ரெயிலர், 1727இல் கண்ணின் அமைப்புப் பற்றி நூலொன்று வெளியிட்டார்; 1736இல் இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் கண்வைத்தியரானார். கண்கள் தீட்டப்பெற்ற வண்டியில் ஐரோப்பாவெங்குஞ் சென்றார். ஊசியாற் புரையைக் கண்ணினுள்ளே கீழே தள்ளுவது அவர் கையாண்ட முறை. சுசுருதசங்கிதையும் அதனைக் கூறும். கட்டவிழ்க்குமுன் ஊர் நீங்குவது அவர் வழக்கமென்பர்.

1750இல் லைப்சிக் நகரில் இசைமேதை பாக்குக்கு இருமுறை சிகிச்சை செய்தார். பாக் பார்வையிழந்து, அவ்வாண்டு யூலை 28இல், தமது 65ஆம் வயதில் இறந்தார். ரெயிலரோ, 1761இல் வெளியிட்ட தன்வரலாற்றில், அந்நகரில் 88 வயது இசைவாணரொருவர் தம் கையாற் பார்வை பெற்றதாக எழுதினார். அவர் பாக்கே என்பது ஆய்வாளர் துணிபு.

இதற்கு மாறாக, தஞ்சை இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798–1832) காலத்துக் கண்நோய்க் குறிப்புகள், நோயாளரின் கண்களை வண்ணத்தில் வரைந்து, சிகிச்சையையும் பதிந்துள்ளன. அவை சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. மலையகத்துக்கு வரும் வைத்தியரின் திறமையோடு, அவர் சென்றபின் நோயாளியின் பார்வையைக் குறித்துவைக்கும் இத்தகைய ஏடும் வேண்டுமென்பதே நம் கருத்தாகும்.