நாழிகை பார்த்தவனின் கல்லறை

நைல் நதியின் மேற்குக் கரையிலே, லக்ஸர் நகருக்கு எதிரே, சேக் அப்த் எல்-குர்னா என்னும் குன்று உண்டு. பண்டைத் தீப்ஸ் நகரத்துப் பெருமக்கள் பலர் தம் கல்லறைகளை அங்கே குடைவித்தனர். அவற்றுள் 52ஆம் இலக்கம் பெற்றது நாக்த் என்பவனுடையது. அவன் மன்னனுமல்லன், அமைச்சனுமல்லன். கி.மு. 1400 அளவில் அமுன் கோயிலில் நாழிகை பார்க்கும் பணியாளனாக இருந்தவன். இரவு வானத்து விண்மீன்களை நோக்கிப் பூசைக்குரிய வேளையை அறிவது அப்பதவியின் கடமை. அவன் மனைவி தாவி அதே தெய்வத்தின் பாடகி.

விண்ணை நோக்கி வாழ்ந்த அவன் சுவரிலே தீட்டுவித்தவையோ மண்ணின் காட்சிகள். உழுவோரும் அரிவோரும் தூற்றுவோரும் ஒருபுறம். திராட்சை பறித்து மிதிப்போர் மறுபுறம். விழாக் காட்சியிலே குருடனொருவன் யாழ் மீட்டுகிறான். மூன்று இளமகளிர் யாழும் வீணை போன்றதொரு கருவியும் இரட்டைக் குழலும் இசைக்கின்றனர். இருக்கையின் கீழே பூனையொன்று மீன் தின்கிறது! தீட்டியவை யாவும் மறுமையில் இறந்தவனுக்குப் பயன்தரும் என்பது எகிப்தியர் நம்பிக்கை. ஆயினும், முன்மண்டபம் மட்டுமே வண்ணம் பெற்றது. சதுப்பு நிலத்திலே மீனை எறிய ஓங்கிய நாக்தின் கையில் ஈட்டி தீட்டப்படவேயில்லை.

நிறைவுறாத அவ்வோவியத்துக்கும் பகை வந்தது. சூரிய வட்டமாகிய அதென் ஒன்றையே போற்றிய அக்நாதன் தன் ஆட்சிக்காலத்தில், அமுனின் பெயரைக் கண்டவிடமெல்லாம் கொத்தி அழிப்பித்தான். நாக்தின் பதவிப் பெயரிலே அமுன் இருந்ததால், உளி இச்சுவரையும் தேடி வந்தது. யாழையும் பூனையையும் விட்டுவிட்டுத் தெய்வத்தின் பெயரையே அது பெயர்த்தது.

முப்பத்து மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தார் இக்கல்லறையை ஆராய்ந்தபோது, கதிரவன் துதி பொறித்த கல்லைத் தாங்கி மண்டியிட்டிருக்கும் நாக்தின் சிறு சிலையொன்று கிடைத்தது. அதனை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்ற ‘அராபிக்’ கப்பலை 1915 ஓகஸ்ட் 19இல் ஜேர்மன் நீர்மூழ்கி அயர்லாந்தின் அருகே தகர்த்தது. சிலை கடலுள் ஆழ்ந்தது. நோர்மன் டேவிஸ் 1917இல் வெளியிட்ட நூலே அதன் சாயலைக் காத்துநிற்கிறது.

ஒரு மன்னனின் மதவெறி அவன் கடவுளின் பெயரைத் தீண்டியது. ஒரு மாபோர் அவன் உருவத்தை விழுங்கியது. எனினும், பெயர் சொல்லப்படும்வரை மனிதன் மடிவதில்லை என்று நம்பியது அவன் இனம். நாக்த் என நாம் உச்சரிக்கும் இக்கணத்தில் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை.