51 போனது, 197 இருக்கிறது

சென்னையில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து, விடிகிற நேரத்தில் கேபிலிருந்து இறங்குகிறவர்களில் எங்களைப் போன்ற ஏ.ஆர். காலர்கள் நிறையப் பேர். அமெரிக்க ஆஸ்பத்திரிகள் சார்பாக அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போட்டு, ‘இந்த கிளைமுக்கு ஏன் பணம் வரவில்லை?’ என்று கேட்பது எங்கள் வேலை. காரணம் ஒரு எண்ணாக வரும். டினையல் கோடு என்போம். 197 என்றால் முன் அனுமதி இல்லை. 50 என்றால் அந்தச் சிகிச்சை அவசியமில்லை என்று கம்பெனி நினைக்கிறது. 29 என்றால் கெடு தாண்டி கிளைம் போயிருக்கிறது.

2024 டிசம்பர் 4 காலை, நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு ஹோட்டல் வாசலில், யுனைடெட்ஹெல்த்கேர் என்ற இன்சூரன்ஸ் கம்பெனியின் தலைமை நிர்வாகி பிரையன் தாம்ப்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கே அப்போது மாலை, நாங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம். கேபில் வேறு பேச்சே இல்லை. “இனிமேலாவது ஒழுங்கா கிளைம் பாஸ் பண்ணுவாங்களாக்கா?” என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். அமெரிக்காவிலும் பலர் அப்படித்தான் பேசினார்கள். செத்தவருக்காக இரங்கியவர்களைவிட, தங்களுக்கு மறுக்கப்பட்ட கிளைமை நினைத்துக் கொதித்தவர்களின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

அவள் கேட்டதற்கு மறுநாளே பதில் கிடைத்ததுபோல் இருந்தது. அறுவை சிகிச்சையில் மயக்க மருந்துக்கு இத்தனை நேரத்துக்குத்தான் பணம் என்று சில மாநிலங்களில் உச்சவரம்பு கொண்டுவரவிருந்த ஆன்தம் இன்சூரன்ஸ் நிறுவனம், அதைக் கைவிட்டது. துப்பாக்கிக்குப் பயந்துவிட்டார்கள் என்றார்கள். ஆனால் மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் நவம்பரிலேயே அதை எதிர்த்திருந்தது. நியூயார்க் ஆளுநரும் கண்டித்திருந்தார். கொலையும் சேர்ந்து அவசரப்படுத்தியது என்றே வைத்துக்கொள்வோம். கைவிடப்பட்டது இன்னும் அமலுக்கே வராத ஒரு திட்டம். அமலில் இருந்த எதுவும் அசையவில்லை. அடுத்த மாதமே தாம்ப்சனின் பதவிக்கு வேறொருவர் நியமிக்கப்பட்டார். எங்கள் திரையில் 197 வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

ஒரு 197 எப்படி உருவாகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க டாக்டர் எழுதுகிறார். சாதாரண ஸ்கேனுக்கு, அதாவது 72148 என்ற எண்ணுக்கு, அனுமதி வாங்குகிறார்கள். படம் எடுக்கும்போது கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியும் பார்க்கவேண்டியிருக்கிறது. அதன் எண் 72158. அனுமதி ஒன்றுக்கு, பில் வேறொன்றுக்கு. கம்ப்யூட்டரே மறுத்துவிடும். எந்த அதிகாரியும் அந்தக் காகிதத்தைக் கையால் தொட்டிருக்க மாட்டார். இதில் யாரைச் சுடுவது? மறுப்பது விதி, அந்த விதியை எழுத இடம் கொடுப்பது சட்டம்.

சட்டத்தால் ஒரு கோடையே ஒழிக்க முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் சேர்ந்த புதிதில் 51 என்று ஒன்று வரும். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய், அதனால் பணம் கிடையாது என்று பொருள். சர்க்கரை, புற்றுநோய், ஆஸ்துமா என்று எது இருந்தாலும் தனிநபருக்கு பாலிசியே மறுக்கலாம் என்றிருந்த காலம் அது. 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் 2014 ஜனவரி முதல் இதற்குத் தடை போட்டது. கொஞ்ச நாளில் 51 எங்கள் கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. வசூலிக்கும் பிரீமியத்தில் 80 சதவீதமாவது, பெரிய நிறுவனக் குழுக்களுக்கு 85 சதவீதமாவது, சிகிச்சைக்கும் அதன் தரத்துக்கும் செலவாக வேண்டும், குறைந்தால் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றதும் அதே சட்டம்தான். அதை ரத்து செய்ய 2017-இல் நடந்த முயற்சி செனட்டில் 49-க்கு 51 என்று தோற்றது. மயிரிழையில் தப்பியது.

ஆனால் சட்டம் தான் பெயர் சொன்னதை மட்டுமே காக்கும். நோயாளிக்குத் தெரியாமலே கம்பெனியின் பட்டியலில் இல்லாத டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போட்ட கூடுதல் பில்லை, 2022-இல் அமலுக்கு வந்த ஒரு சட்டம் பெரும்பாலும் தடுத்தது. ஏர் ஆம்புலன்ஸ் அதில் உண்டு. சாலையில் ஓடுகிற ஆம்புலன்ஸ் இல்லை. மறுப்பை வெளி நிபுணரிடம் கொண்டுபோகும் உரிமையையும் 2010 சட்டம் கொடுத்தது. ஆனால் மத்திய அரசின் ஹெல்த்கேர்.கவ் சந்தையில் விற்கும் பாலிசிகளில், 2023-இல் மறுக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூட முதல்கட்ட அப்பீலுக்கே போகவில்லை. உடம்பு முடியாதவர் எத்தனை ஃபாரம்தான் நிரப்புவார்?

197-க்கும் இப்போது கடிவாளம் வருகிறது. 2024-இல் இறுதியான மத்திய அரசு விதிப்படி, முதியோருக்கான மெடிகேர் திட்டத்தைத் தனியார் நடத்தும் இடங்களில், 2026 முதல் முன் அனுமதிக்கு ஏழு நாளில், அவசரமென்றால் 72 மணி நேரத்தில், பதில் சொல்லியாக வேண்டும். மறுத்தால் குறிப்பான காரணம் சொல்ல வேண்டும். ஆனால் அமெரிக்கர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இன்சூரன்ஸ் வருவது முதலாளி வழியாக. அவர்களை இந்த விதி தொடவில்லை. பெரிய நிறுவனங்கள் பல தாமே பணம் போட்டு நடத்தும் திட்டங்களில் மாநிலச் சட்டங்களும் செல்லாது. 1974-இன் எரிசா சட்டம் அவற்றை மத்திய அரசின் கீழ் வைத்திருக்கிறது. திருத்த வேண்டியது அந்தச் சட்டம். அது நடக்கப் பல வருஷம் ஆகலாம். ஆனாலும், அந்தப் பெண் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: 51-ஐ ஒழித்தது துப்பாக்கி அல்ல, ஓட்டெடுப்பு.