வலியின்றிக் கடிக்கும் கட்டுவிரியன்: குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் கத்திரி வெயில் நாள்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம். இரவிலும் சுவர்கள் சூட்டை உமிழ்வதால், மக்கள் தரையில் பாய் விரித்தும், திண்ணையிலும் முற்றத்திலும் படுத்தும் உறங்குகின்றனர். தோல் பதனிடும் தொழிற்சாலையிலோ காலணித் தொழிற்சாலையிலோ பகலெல்லாம் நின்று உழைத்தவருக்கு அவ்வுறக்கம் ஆழ்ந்ததாகவே இருக்கும். பகல் வெப்பத்துக்கு அஞ்சி எலி வளையிலும் செங்கல் அடுக்கிலும் ஒதுங்கியிருந்து, இரவின் குளுமையில் அதே தரையில் இரை தேடி வரும் பாம்பே கட்டுவிரியன். அதன் கடியைப் பற்றி நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பெயரால் நேரும் குழப்பம்

தமிழ்நாட்டில் உயிரிழப்பை விளைவிக்கும் கடிகளில் பெரும்பாலானவை நான்கு பாம்புகளால் நேர்பவை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்பன அவை. இவற்றுள் மூன்று, ‘விரியன்’ என்றே பெயர் பெற்றுள்ளன. ஆயினும் கட்டுவிரியன் விரியன் இனத்தைச் சேர்ந்ததன்று. அது நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. கண்ணாடிவிரியன் கடித்தால் அவ்விடம் வீங்கும், வலிக்கும், இரத்தம் உறையாமல் கசியும். இவற்றைக் கண்டு பழகியவர்கள், விரியன் கடி என்றால் வீக்கம் இருந்தே தீரும் என்று எண்ணிவிடுகின்றனர். கட்டுவிரியன் கடியிலோ வீக்கம் பெரும்பாலும் இராது. அதன் நச்சுப்பற்கள் மிகச் சிறியவை. பற்தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். உறங்குபவர் கடியை உணராமலே தொடர்ந்து உறங்குவதும் உண்டு.

பகலில் இப்பாம்பு மிகுந்த கூச்சமுடையது. தொந்தரவு செய்தால் உடலைச் சுருட்டித் தலையை அதனடியில் மறைத்துக்கொள்ளும். இரவில் எலி, பல்லி, தவளை, பிற பாம்புகள் ஆகியவற்றைத் தேடி அலையும்போது, உறங்குபவர் புரண்டு படுத்து அதனை அழுத்திவிட்டால் கடித்துவிடும். கருமையான பளபளப்பான உடலில் மெல்லிய வெண்பட்டைகள் காணப்படும். நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனும் ஏறக்குறைய இதே தோற்றமுடையது. ஆகவே பார்வையால் இனம் பிரித்து, இது நஞ்சில்லாதது என்று வீட்டிலேயே முடிவு செய்யலாகாது.

காலையில் வரும் வயிற்றுவலி

கட்டுவிரியன் கடியின் முதல் அறிகுறி பலருக்கு வயிற்றுவலியே. விடியற்காலையில் வயிற்றைப் பிசைவதுபோன்ற வலியும் வாந்தியும் தோன்றும். முந்தைய இரவின் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிக் கசாயமோ மாத்திரையோ கொடுத்துக் காத்திருப்பது இயல்பு. அக்காத்திருப்பிலேயே விலைமதிப்பற்ற நேரம் கழிந்துவிடுகிறது.

அடுத்து இமைகள் தாழும். தூக்கக் கலக்கம்போலத் தோன்றும் இது உண்மையில் இமைத் தசைகளின் செயலிழப்பு. பின்னர் பொருள்கள் இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், எச்சிலை விழுங்க இயலாது, கழுத்து நிற்காது, கைகால்கள் தளரும். இறுதியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். இவை சில மணி நேரத்தில் தோன்றலாம். அரை நாள் கடந்தும் தோன்றலாம்.

எனவே தரையில் உறங்கி எழுந்த ஒருவருக்கு, குறிப்பாக ஒரு குழந்தைக்கு, காரணம் தெரியாத வயிற்றுவலியோடு இமைத்தாழ்வும் சேர்ந்திருந்தால், பாம்பையோ பற்தடத்தையோ காணாவிடினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இரத்தம் உறையும் பரிசோதனை இயல்பாக இருப்பதனால் மட்டும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. கட்டுவிரியன் நஞ்சு தாக்குவது நரம்பை, இரத்தத்தையன்று. நலமாகத் தோன்றுபவரையும் நாங்கள் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பது இதனால்தான்.

வழியில் செய்ய வேண்டியவை

கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். வாந்தி இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108 அவசர ஊர்தியை அழையுங்கள். கடித்த நேரத்தையும், இமை தாழத் தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இமைத்தாழ்வின் நேரம் மருத்துவருக்கு மிகப் பயன்படும்.

இறுகக் கட்டுப் போடுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பச்சிலை அரைத்துக் கொடுத்தல் ஆகிய எதனையும் செய்யலாகாது. விழுங்கும் திறன் குன்றியவருக்கு எதனைப் புகட்டினாலும் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பாம்பைத் தேடிப் பிடிப்பதிலும் காலம் கழிக்க வேண்டா.

கைப்பேசிக் காணொளிகளில் கை முழுவதும் துணிப்பட்டை சுற்றும் முதலுதவியைச் சிலர் கண்டிருக்கலாம். அது ஆஸ்திரேலியாவில் பின்பற்றப்படும் முறை. அந்நாட்டின் குளிர்ந்த தென்கிழக்குப் பகுதியிலும் டாஸ்மேனியாத் தீவிலும் வாழும் காப்பர்ஹெட் என்னும் பாம்பும் கட்டுவிரியனைப் போலவே நாகத்தின் குடும்பத்தது. கூச்சமும் கொடிய நஞ்சும் உடையது. அங்கு நஞ்சுப் பாம்புகள் பெரும்பாலும் அக்குடும்பத்தவையாதலால் அம்முறை பொருந்துகிறது. நம் பகுதியிலோ கடித்தது கண்ணாடிவிரியனாகவும் இருக்கலாம். அதன் நஞ்சைக் கட்டி ஓரிடத்தில் தேக்கினால் தசை அழுகும் ஆபத்து உண்டு. ஆகவே நம் நாட்டில் அம்முறை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

மருந்து எங்கிருந்து வருகிறது

பாம்புகளின் நஞ்சைச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து நச்சுமுறி மருந்து தயாரிக்கப்படுகிறது. நம் நாட்டில் கிடைக்கும் மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கி வந்துள்ளது. 1978-இல் தொடங்கப்பட்ட அச்சங்கத்தினர் நஞ்சை எடுத்தபின் பாம்புகளை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

முதல் தவணையாக ஏறத்தாழ 10 குப்பிகள் செலுத்தப்படும். குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே. ஏனெனில் பாம்பு, ஆளின் எடையைப் பார்த்து நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை. மருந்து ஏறும்போது அரிப்பு, தடிப்பு, நடுக்கம், இரத்த அழுத்தக் குறைவு ஆகியவை நேரலாம். அவற்றைச் சமாளிக்கும் ஆயத்தத்துடனேயே மருந்தைத் தொடங்குகிறோம். அஞ்சி மருந்தை மறுத்துவிட வேண்டா. அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

மூச்சுக் கருவியில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்

மருந்து கொடுத்த பின்னும் நோயாளி ஏன் எழவில்லை என்று குடும்பத்தார் எங்களிடம் வருந்திக் கேட்பதுண்டு. நரம்பின் நுனி செய்தி அனுப்பத் தசை அசைகிறது. நாகத்தின் நஞ்சு, அச்செய்தியைத் தசை பெறாதவாறு தடுக்கிறது. கட்டுவிரியனின் நஞ்சோ அனுப்பும் நுனியையே சிதைத்துவிடுகிறது. குருதியில் உலவும் நஞ்சை மருந்து முறிக்கும். சிதைந்த நுனியை அதனால் சீர்செய்ய இயலாது. நரம்பு தானே புதிய நுனியை வளர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை மூச்சுவிடும் பணியை வென்டிலேட்டர் ஏற்றுக்கொள்கிறது. மருந்தை விரைந்து கொடுக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே.

இக்காலத்தில் நோயாளியின் தோற்றம் குடும்பத்தாரை நிலைகுலையச் செய்யும். கண் திறக்காது, அழைத்தால் விரல் அசையாது, கண்மணி விரிந்து ஒளிக்குச் சுருங்காமலும் இருக்கலாம். மூளை இறந்துவிட்டதுபோலவே தோன்றும். ஆயினும் போதிய மூச்சு தடையின்றிக் கிடைத்திருந்தால் அவரது மூளை நலமாகவே இருக்கும். மயக்க மருந்து தராத வேளைகளில் அவர் உங்கள் குரலைக் கேட்கவும் கூடும். உடல் மட்டுமே விடையளிக்க இயலாமல் கிடக்கிறது.

எனவே கட்டிலருகே நின்று அழுது அரற்றாதீர்கள். இறுதிக் காரியங்களைப் பற்றிப் பேசாதீர்கள். பெயர் சொல்லி அழையுங்கள். எங்கே இருக்கிறார், என்ன நேர்ந்தது, தசைகள் திரும்ப இயங்கும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று உறவினர் சொன்னால், கையொப்பமிடும் முன் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் ஒருமுறை அமர்ந்து பேசுங்கள். மூச்சுக் கருவியின் துணையோடு பல நாள் அசைவின்றிக் கிடந்து, பின்னர் நலமாக நடந்து வீடு திரும்பியோர் பலர்.

வீடு திரும்பிய பின்

களைப்பும் தசைச் சோர்வும் சில வாரங்கள் நீடிக்கலாம். ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தோல் தடிப்பு ஆகியவை தோன்றினால், அவை நச்சுமுறி மருந்தின் பின்விளைவாக இருக்கலாம். மீண்டும் வந்து காட்டுங்கள்.

2024 மார்ச்சில் இந்திய அரசு, பாம்புக்கடி இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக அறிவித்தது. இத்திட்டங்கள் பயன்தர, வீட்டளவில் செய்யத்தக்கவை எளியவை. இயன்றவரை கட்டிலில் உறங்குங்கள். தரையில் உறங்க நேர்ந்தால் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்கு செருகிவிடுங்கள். வலைக்குள் உறங்குவோருக்குப் பாம்புக்கடி குறைவதை நேபாளத்தில் நடந்த ஆய்வு காட்டியுள்ளது. செங்கல், விறகு, பழைய பொருள்கள் ஆகியவற்றைச் சுவரோரம் குவிக்காதீர்கள். தானியத்தை மூடி வைத்தால் எலி குறையும். எலி குறைந்தால் பாம்பும் குறையும். இரவில் எழுந்து நடக்கும்போதும், விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்குப் புறப்படும்போதும் கையில் டார்ச் விளக்கு இருக்கட்டும். வீட்டினுள் பாம்பைக் கண்டால் அடிக்க முயலாமல் விலகி நின்று, தீயணைப்பு மீட்புப் பணித்துறையை 101 என்ற எண்ணில் அழையுங்கள்.