டி டிரைவில்தான் இருக்கிறது
(வீட்டுக் கணினி – 14)

2018 நவம்பர் 16. நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், விடிவதற்குள் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு எங்கும் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது.

எங்கள் வீட்டில் ஓடு பறந்து, மழை நேராக மேசைமேல் இறங்கியது. மேசையில் லேப்டாப். பக்கத்திலேயே, அது கெட்டால் உதவட்டும் என்று வாங்கிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், கேபிளைக்கூடக் கழற்றாமல். அப்பத்தா பாடிய நடவுப் பாட்டுகள் நாற்பதை ரெக்கார்டு செய்து இரண்டிலும் வைத்திருந்தேன். இரண்டும் சேர்ந்தே நனைந்தன. பதினொரு பாட்டு மட்டும் மிஞ்சியது. சித்தப்பா மகன் சிங்கப்பூர் போகும்போது பென்டிரைவில் கொண்டுபோனவை அவை. அப்பத்தா இப்போது இல்லை.

அதனால்தான் பேக்கப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

"முக்கியமானதெல்லாம் டி டிரைவில் வைத்திருக்கிறேன் சார், பயமில்லை" என்று பலர் சொல்லக் கேட்கிறேன். பெரும்பாலான லேப்டாப்பில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான். ஒரே வீட்டில் இரண்டு அறை மாதிரி. விண்டோஸ் கெட்டு சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் டி பிழைக்கும். டிஸ்க்கே போனால் இரண்டும் போகும்.

வெளி டிஸ்க் வாங்கியவர்களும் "ஞாயிற்றுக்கிழமை காப்பி செய்துகொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் வரும், காதுகுத்து வரும். வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடுங்கள். டிஸ்க்கைச் செருகி, கன்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி' திறந்து, 'டர்ன் ஆன்' கொடுத்தால் போதும். மணிக்கு ஒருமுறை, மாறிய ஃபைல்களை மட்டும் அது நகலெடுக்கும். ஒன்று கவனியுங்கள்: டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற வழக்கமான இடங்களைத்தான் அது பார்க்கும். டி டிரைவில் நீங்களாக உருவாக்கிய ஃபோல்டரைத் தொடாது. அதை டாக்குமெண்ட்ஸுக்குள் நகர்த்துங்கள், அல்லது லைப்ரரியில் சேருங்கள்.

ஃபைல் ஹிஸ்டரிக்குப் பதில் 'டாஸ்க் ஷெட்யூலர்' வைத்து இரவு ஒன்பது மணிக்கு என்று நேரம் குறிப்பவர்கள், நம் ஊர் கரண்ட் கட்டை நினைவில் வைக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மிஷின் அணைந்திருந்தால் அன்றைய நகல் தவறிவிடும். தவறினால் அடுத்து ஆன் ஆனதும் ஓடச் சொல்லும் ஒரு டிக், செட்டிங்ஸ் பகுதியில் இருக்கிறது, அதைப் போடுங்கள். லினக்ஸில் நேரம் குறித்து வேலை ஓட்டும் க்ரானுக்குப் பதில் அனாக்ரானிடம் ஒப்படைத்தால், தவறியதை அது பிடித்துக்கொள்ளும்.

எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க்குக்கு மழை மட்டுமே எதிரி என்றில்லை. 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல், கம்ப்யூட்டரோடு இணைந்திருந்த டிஸ்க்குகளின் ஃபைல்களையும் சேர்த்தே பூட்டியது. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய கணக்கு இங்கே பொருந்தும்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில்.

நகலின் அருமையை நம் முன்னோரும் அறிந்திருந்தார்கள். ஓலை நைந்தால் புது ஓலையில் படியெடுத்துவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவார்கள். காலப்போக்கில் சில வீடுகளில் படியெடுப்பது நின்றுபோனது, ஆற்றில் விடுவது மட்டும் தொடர்ந்தது. அப்படிப் போனவற்றை நினைத்து உ.வே.சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். எத்தனை நூல்கள் அந்தத் தண்ணீரோடு போயினவோ!

இப்போது என்னிடம் இரண்டு டிஸ்க். ஒன்று மேசையில், மணிக்கு ஒருமுறை வேலை பார்க்கிறது. மற்றது திருக்கோகர்ணத்தில் அக்கா வீட்டு பீரோவில். மாதம் ஒரு நாள் அக்கா சந்தைக்கு வரும்போது எடுத்து வருவார். புதியதெல்லாம் ஏற்றி, அந்தப் பதினொன்றில் ஏதாவது ஒரு பாட்டை அந்த டிஸ்க்கிலிருந்தே ஓடவிட்டுக் கேட்போம். போன மாதம் ஏழாவது பாட்டு. நடுவில் அப்பத்தா இருமுவது வரை தெளிவாகக் கேட்டது.