குப்பைக் குழாயைச் சரியாகப் பயன்படுத்துவோம்

உங்கள் சமையலறையில் இருக்கும் குப்பைக் குழாய், புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள குப்பை அறைவரை செல்கிறது. அதே குழாயை மேல்மாடி, கீழ்மாடிக் குடும்பங்களும் பயன்படுத்துகின்றன. பையில் கட்டாமல் வீசும் மீன்குழம்பு மிச்சம் வழிநெடுகக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். கரப்பான்பூச்சிகளுக்கும் எலிகளுக்கும் அதுவே தீனி. மூடியின் இடுக்கு வழியாகச் சமையலறைக்குள் வரும் கரப்பான்பூச்சி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளை உங்கள் உணவில் பரப்பக்கூடும்.

வீசுவதற்கு முன்

• உணவுக் கழிவை வடிகட்டியில் இட்டு, நீரை வடித்துவிடுங்கள்.

• கழிவைப் பையில் போட்டு இறுக்கமாகக் கட்டுங்கள். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம் உண்டு. அதற்காகப் பை இல்லாமல் வீசாதீர்கள். ரொட்டி, அரிசி வந்த பைகளே போதும்.

• பை, குழாயின் வாயைவிடச் சிறியதாக இருக்கட்டும்.

• பொரித்த எண்ணெய் ஆறியதும் பழைய செய்தித்தாளில் ஊறவைத்துப் பையில் கட்டுங்கள். கழுவுதொட்டியில் ஊற்றினால் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும்.

குழாயில் வீசக்கூடாதவை

• அணையாத சிகரெட், கரி, சாம்பிராணித் தணல்: குப்பை தீப்பற்றலாம். முதலில் நீர் ஊற்றி முழுவதும் அணையுங்கள்.

• பேட்டரி, பவர் பேங்க்: நசுங்கினால் தீப்பிடிக்கக்கூடும். மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

• உடைந்த கண்ணாடி: துப்புரவாளரின் கையைக் கிழிக்கும். செய்தித்தாளில் பல சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, கீழே உள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

• தலையணை, குடை, பெரிய அட்டைப்பெட்டி: குழாயை அடைத்துவிடும்.

பராமரிப்பு

• வாரம் ஒரு முறை கையுறை அணிந்து, மூடியின் உட்புறத்தையும் விளிம்பையும் சவர்க்கார நீரால் துடையுங்கள்.

• மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் உடனே பழுதுபாருங்கள். இடுக்கு இருந்தால் பூச்சி நுழையும்.

• குழாய் அடைத்துக்கொண்டால் கம்பால் குத்தாதீர்கள், நீரும் ஊற்றாதீர்கள். குப்பை வீசுவதை நிறுத்திவிட்டு நகர மன்றத்திற்குத் தெரிவியுங்கள்.

உங்கள் மாடியில் பொதுக் குப்பைக் குழாய் இருந்தாலும் இதே முறைகள் பொருந்தும். பையை அதன் அருகே தரையில் விட்டுச் செல்லாதீர்கள்.

நீங்கள் வீசுவதை நாள்தோறும் ஒரு துப்புரவாளர் கீழே அப்புறப்படுத்துகிறார். பையை இறுக்கிக் கட்டுவது அவருக்கும் பாதுகாப்பு, உங்கள் குடும்பத்திற்கும் பாதுகாப்பு.