கார்பன் சைக்கிளுக்குப் பட்டி பூசி அனுப்பாதீர்கள்

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் கிறிஸ் போர்டுமேன் தங்கம் வென்றது கார்பன் இழையால் செய்த சைக்கிளில். அந்த வகை சைக்கிள் இன்று நம் கடை வாசலுக்கே வருகிறது. விலை பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டும். கீழே விழுந்து அடிபட்ட கார்பன் பிரேமுடன் வாடிக்கையாளர் வந்து நின்றால் என்ன சொல்வது என்று சைக்கிள் வியாபாரிகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரும்பு பிரேம் அடிபட்டால் வளையும். வெல்டிங் வைத்து ஓட்டிவிடலாம். கார்பன் அப்படியல்ல. இழைத் துணியை அடுக்கடுக்காக வைத்து எபாக்சி பிசினால் இறுக்கிய பொருள் அது. நெருப்புப் பட்டால் பிசின் கருகிவிடும். வெளியே பெயிண்டில் ஒரு கீறல்தான் தெரியும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாக இருக்கும். இது முதல் சோதனைதான். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்க்க வேண்டும்.

அதற்காக உடனே புது பிரேமை விற்கப் பார்ப்பதும் நியாயமில்லை. விஷயம் தெரிந்தவர் கையில் கொடுத்தால் பழுது சரியாகும். பெயிண்டை நீக்கி, உடைந்த இழைகளைச் சரிவாகத் தேய்த்தெடுத்து, பழைய இழை ஓடும் திசை பார்த்துப் புதுத் துணியை அடுக்கி, எபாக்சி ஊட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் இறுகச் சுற்றிக் காய வைப்பார்கள். தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகமூடி இல்லாமல் கடைப் பையனிடம் அந்த வேலையைக் கொடுப்பது பாவம்.

முன் போர்க், ஹேண்டில்பார் இரண்டும் விரிந்திருந்தால் ஒட்டுப்போட வேண்டாம், மாற்றச் சொல்லுங்கள். ஓட்டத்தில் முறிந்தால் ஆள் முகம் குப்புற விழுவார்.

பட்டி பூசி, பெயிண்ட் அடித்து அனுப்பினால் கீறல் மறையும், பொறுப்பு மறையாது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடான பழுதுபார்ப்பால் ஒருவர் காயமடைந்தால் பழுதுபார்த்தவரிடமும் இழப்பீடு கேட்கலாம். ஆகவே எந்த இடத்தில் என்ன சேதம், நாம் என்ன சொன்னோம் என்பதை ரசீதிலேயே எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

நம் கடையிலேயே உடையும் பிரேம்களும் உண்டு, ஒத்துக்கொள்ள வேண்டும்! ஸ்டாண்டில் மாட்டும்போது பிரேம் குழாயைக் கவ்வாமல் சீட் போஸ்ட்டைக் கவ்வ விடுங்கள். போல்ட்டைக் கைப்பலத்துக்கு முறுக்காமல், பாகத்தின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள்.