வசையும் சாபமும் – 9: வெந்நீர் ஊற்றில் போட்ட மனுக்கள்

கடவுள் பெயரை இழுத்துத் திட்டுவது ஏன் பெரும்பாவமாயிற்று என்று சென்ற வாரம் பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் 1525-இல் கிளாஸ்கோ பேராயர் கவின் டன்பார் இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லைப்புறக் கொள்ளையர்களுக்கு இட்ட சாபத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அவர் கொஞ்சம் பொறுக்கட்டும். அவருக்கு ஆயிரம் வருஷங்களுக்கும் முன்பு, அதே தீவில் சாதாரண ஜனங்கள் எழுதிய சாபங்கள் வழிமறித்துவிட்டன. இங்கிலாந்தின் பாத் நகரில், சுலிஸ் மினர்வா என்ற தேவியின் வெந்நீர் ஊற்றிலிருந்து ஏறத்தாழ 130 ஈயத் தகடுகள் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை 1979-80 அகழாய்வில் வெளிவந்தவை, கி.பி. 2 முதல் 4-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. தகடு என்றதும் நமக்குச் செய்வினை ஞாபகம் வரும். இவற்றில் பெரும்பாலானவை திருட்டுப் புகார்கள்! டோசிமெடிஸ் என்பவருக்கு இரண்டு கையுறைகள் காணாமல் போயின. எடுத்தவனின் புத்தியும் கண்ணும் போகட்டும் என்கிறார். டோசிலியானஸுக்குத் தலைமூடியோடு கூடிய மேலங்கி போயிற்று. திருடனுக்குத் தூக்கமும் பிள்ளைப்பேறும் வேண்டாம் என்கிறார்.

ஒரு ஜோடி கையுறைக்குக் கண்ணைக் கேட்பது நியாயமா என்று கேட்கலாம். டோசிலியானஸின் தகட்டை முழுவதும் படித்தால் கோபத்துக்குள் ஒரு கணக்கு தெரியும்: அங்கியைக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும்வரைதான் அந்தத் தண்டனை. அப்போது அங்கே ஆண்ட ரோமானியரின் சட்டத்தில் திருட்டு பெரும்பாலும் பறிகொடுத்தவரே வழக்காட வேண்டிய விவகாரம். திருடன் யாரென்றே தெரியாதபோது யார் மீது வழக்குப் போடுவது? ஆகவே ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ என்று எந்த வகையையும் விடாமல் வளைத்து, வக்கீல் பத்திரம் போல எழுதினார்கள். இது திருடனை மிரட்டும் தந்திரம்தானே என்பாரும் உண்டு. மிரட்டத்தான் என்றால் சுவரில் அடித்துவைத்திருக்கலாம். சுருட்டி, 46 டிகிரி சூடுள்ள ஊற்றில் ஏன் போட வேண்டும்? திருடன் கண்ணில் படவே படாத அந்த எழுத்து தேவிக்கு மட்டுமே கொடுத்த மனு.

வசைக்கும் சாபத்துக்கும் உள்ள தூரம் இதுதான். வசை எதிராளியின் முகத்துக்கு நேரே போகிறது. அங்கே தீர்ப்பும் தண்டனையும் திட்டுகிறவரின் நாக்கிலேயே இருக்கின்றன. சாபம் தண்டிக்கும் வேலையை மேலே ஒப்படைக்கிறது. பலவீனருக்கு மட்டுமே உரிய ஆயுதம் என்றும் அதைச் சொல்லிவிட முடியாது. படையும் சிறையும் வைத்திருந்த நம் அரசர்களே கோயில் நிலக் கல்வெட்டின் கடைசியில், இந்தத் தர்மத்தைக் கெடுப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று பொறித்தார்கள். இன்னும் பிறக்காத குற்றவாளியை எந்தச் சேவகன் பிடிப்பான்? சட்டத்தின் கை எட்டாத இடத்தில்தான் சாபம் தொடங்குகிறது.

மதங்கள் சபிப்பதைத் தடுத்தனவே என்றால், தடுத்தன, உண்மைதான். சபிக்காமல் ஆசீர்வதிக்கச் சொன்ன பவுல், வேறு சுவிசேஷம் பிரசங்கிப்பவர்களைத் தாமே சபித்தார். அடுத்தவரைச் சபித்துத் திரிவதை ஹதீஸ்கள் கண்டிக்கின்றன. அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் இறைவனுக்கும் இடையில் திரையில்லை என்று சொல்வதும் ஹதீஸ்தான். வாய்க்கொழுப்பை அடக்கலாம், முறையீட்டை அடைத்தால் கோயிலுக்கே வேலையில்லை. பாத் நகரில் ஆறு வெள்ளிக் காசுகளைப் பறிகொடுத்த அன்னியானஸ், திருடன் கிறிஸ்தவனாக இருந்தாலும் சரி என்று சேர்த்து எழுதியிருக்கிறார். வேறு கடவுளைக் கும்பிட்டாலும் தேவியின் அதிகாரத்துக்குத் தப்ப முடியாது என்பது அவர் வாதம்.

இதே ஊரில் கிடைத்த இன்னொரு தகட்டைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத் தலைவர் நிக்கல்சன் 1904-இல் அதைப் படித்து, வினிசியஸ் என்பவர் நிக்ரா என்ற பெண்ணுக்கு எழுதிய நான்காம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கடிதம் என்று வெளியிட்டார். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் ரோஜர் டாம்லின், நிக்கல்சன் தகட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்திருக்கிறார் என்று காட்டினார். அதுவும் சாபத் தகடுதான்!

டன்பார் அடுத்த வாரம் வந்தே தீருவார். பாத் ஜனங்கள் சுருட்டி மறைத்ததை அவர் ஊரறியப் பிரசங்க மேடையில் வாசிக்க வைத்தார், அதுவும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒன்றையும் விடாமல். திருடனின் காதில் விழவேண்டும் என்றே சொல்லும் சாபம், மனுவா வசையா என்பதுதான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.